தோள்சுமை முதல் உருள்பெட்டி வரை: சேர்வராயன் மலைவழிப் பயணச் சாதனங்கள்

பயணி எதை எடுத்துச் செல்வது என்பதை அவரது தேவையைக் காட்டிலும், அதைச் சுமப்பது எது என்பதே பெரிதும் தீர்மானித்து வந்திருக்கிறது என்பதற்குச் சேர்வராயன் மலையின் இரு நூற்றாண்டு வரலாறு தெளிவான சான்றாகும். 1820-களில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த காலத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. கோடைக்கு ஒதுங்க வந்த ஐரோப்பியர் மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தோளில் தூக்கிச் செல்லும் இருக்கையான டோலியிலோ மலையேறினர். அக்காலத்துப் பயணப் பெட்டிகள் காவடித் தண்டின் இரு முனைகளிலும் தொங்குவதற்கேற்ப இணையிணையாகச் செய்யப்பட்டன. ஒரு பெட்டியில் எடை கூடினாலும் செங்குத்துப் பாதையில் சுமப்பவரின் கால் தடுமாறும் என்பதால், இரண்டிலும் பொருள்களைச் சமமாக நிரப்ப வேண்டியிருந்தது. 1855-இல் வெளிவந்த பிரான்சிஸ் கால்டனின் பயணக்கலை நூல் உள்ளிட்ட கையேடுகள் சாதனங்களை நுணுக்கமாக விவரித்தன. அவற்றைச் சுமந்தவர்களுக்கோ பயண எழுத்தில் உரிய இடம் கிடைக்கவே இல்லை.

கரடியூர் முதலிய மலையூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு மலைவழி அன்றாட வழியே ஆதலால், அவர்களது சாதனங்கள் சிலவே. குளிருக்குப் போர்வையாகும் கம்பளியையே தலையிலிருந்து முதுகு வரை மடித்துக் கவிழ்த்தால் அது கொங்காடை, அதாவது மழைக்காப்பு, ஆகிவிடும். இரு கைகளையும் வேலைக்கு விட்டுவைப்பதில் இது குடையினும் மேலானது.

அடிவாரத்துக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பப்பட்ட காலத்தில் கொயினா மருந்து பயணப்பெட்டியின் இன்றியமையாப் பொருளாயிற்று. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல் கண்ட பின்னரே கொசுவலையின் உண்மையான பயன் விளங்கியது.

சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரையிலான ரயில் பாதை 1862-இல் நிறைவடைந்தபின், பயணச் சாதனங்கள் மறுவடிவம் பெற்றன. டிரங்குப் பெட்டி, மூடியைத் திருகி மூடும் பித்தளைக் கூஜா, டிபன் கேரியர், படுக்கையைச் சுருட்டி வார்கட்டும் ஹோல்டால் ஆகியவை தமிழ்க் குடும்பப் பயணத்தின் அடையாளங்களாயின. 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்படுக்கைகளுக்கு மெத்தை பொருத்த வழிசெய்தது, ஹோல்டாலின் தேவையைப் பெரிதும் குறைத்தது.

இன்று ஏற்காட்டு மலைச்சாலையின் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கி விமானமேறும் பயணியிடம் இருப்பது உருள்பெட்டி. பெர்னார்டு சாடோ 1972-இல் காப்புரிமை பெற்ற சக்கரப் பெட்டி வாரால் இழுக்கப்பட்டது. நிமிர்த்தி உருட்டும் இரு சக்கர வடிவத்தை விமானி ராபர்ட் பிளாத் 1987-இல் உருவாக்கினார். கைப்பைக்கு ஏழு கிலோ என்ற பல விமான நிறுவனங்களின் வரம்பும், பவர் பேங்கைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும் என்ற விதியும் இப்போது பொருள்களின் அளவை வகுக்கின்றன.

மின்செருகியில் காலனிய வரலாறு இன்னும் தொடர்கிறது. இந்தியாவின் உருண்டை முள் செருகி பழைய பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தது. 1947-இல் பிரிட்டன் செவ்வக முள்ளுக்கு மாறியது, சிங்கப்பூரும் மலேசியாவும் அதைப் பின்பற்றின, இந்தியா பழையதிலேயே நின்றது. ஆகவே அந்நாடுகளுக்குச் செல்வோருக்கு அடாப்டர் தேவைப்படுகிறது. ஆனால் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் செல்போன் சார்ஜர் எங்கும் இயங்கும், 230 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட இஸ்திரிப்பெட்டியோ 100 வோல்ட் வழங்கும் ஜப்பானில் போதிய சூடேறாது.