இணையப் பக்கமும் மேற்கோள் நிலைபேறும்: முத்துக்குளித்துறை அச்சு வரலாறு காட்டும் நெறி

தமிழ்த்துறைகள் தத்தம் இணையத்தளங்களைப் புதுப்பித்துவரும் காலம் இது. ஆசிரியர் இருவர் மூவரே உள்ள சிறு துறைகளில் இப்பணி வகுப்புகளுக்கிடையே கிடைக்கும் ஓய்வு நேரத்தில் நிகழ்வது. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது யாது என்பது ஆராய்தற்குரியது. பெரும்பாலும் முகப்பின் அழகே முதலிடம் பெறுதலைக் காண்கிறோம். இஃது ஏற்புடைத்தன்று என்பது எம் கருத்து.

பரதவரிடையே பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலின் இறுதிப் பக்கம் நம் கருத்தை ஈர்ப்பது. 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்தும், அடுத்த ஆண்டு கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அதன்கண் ஒருங்கே காட்டப்பெற்றுள்ளன. புதிய எழுத்தை மேற்கொண்டோர் பழையதை மறைத்தாரல்லர். 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சிடப்பெற்றதெனப் பலர் கொள்வர். முத்துக்குளித்துறை மக்களுக்கென ஆக்கப்பெற்ற அந்நூலின் படி வத்திக்கான் நூலகத்திற் பிழைத்திருந்தது. இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக 1967-இல் தூத்துக்குடியிலேயே மீண்டும் அச்சேறிற்று. வேறோரிடத்தில் ஒரு படி காக்கப்பெறாதிருப்பின் இம்மீட்சி நிகழ்ந்திராது.

இனி, அண்மைக் காலச் சான்றொன்றை நோக்குவோம். தனிநாயக அடிகளார் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அடிகளார் விரைவில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இதழின் பதிப்பகமும் பின்னர்ச் சென்னைக்கு மாறிற்று. 1966-உடன் இதழே நின்றது. எனினும், அதன் கட்டுரையொன்றை மலர், இதழ், பக்க எண்களாற் சுட்டும் ஆய்வேடு இன்றும் பிழைபடுவதில்லை. பதிப்பகம் மாறினும் முகவரி மாறவில்லை என்பதே காரணம்.

இணையப் பக்கத்திற்கு இந்நிலைபேறு இயல்பாக அமைவதன்று. தளம் புதுப்பிக்கப்பெறுங்கால் பக்கங்களின் முகவரிகள் மாறுகின்றன. பழைய முகவரியை அடிக்குறிப்பிற் சுட்டிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் சான்றிழந்து நிற்கின்றன. முகப்பு அழகற்றிருப்பின் எவருக்கும் கேடில்லை. சான்று அழியின் ஆய்வு பொய்யெனக் கொள்ளப்படும்.

குறியேற்றச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முற்பட்ட பக்கங்கள் பல திஸ்கி, தாப் முதலிய குறியேற்றங்களிலோ தனியார் எழுத்துருக்களிலோ அமைந்தவை. அவற்றில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிற் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரத்தின் பின் உயிர்க்குறி வரும். மாற்றுங்கால் ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரமெனக் கொள்ளப்படின், ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, தேடலில் அகப்படாது. பாடவேறுபாடு பயின்றோர் இத்திருத்தத்திற்கு மிகத் தக்கவர். கணினி வல்லுநர்க்கு இதனை முற்றும் விட்டுவிடுதல் முறையன்று.

ஆள் குறைவு என்பது தடையாகாமைக்கு மதுரைத் திட்டம் சான்று. 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற அத்திட்டம் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும், நூல்களுக்கு இட்ட வரிசையெண்ணை மாற்றவில்லை. முதல் எண் பெற்ற நூல் இரு குறியேற்றங்களிலும் முதல் எண்ணே பெற்றது.

எனவே, சிறு துறையொன்று தன் தளத்தைத் திருத்தப் புகுமாயின், ஓவியரை அழைக்குமுன் பழைய முகவரிகள் அனைத்தையும் பட்டியலிடுக. பட்ட மேற்படிப்பு மாணவர் இருவர் சில வாரங்களில் முடிக்கத்தக்க பணி அது. கட்டுரை ஒவ்வொன்றிற்கும் மாறா எண்ணொன்று இடுக. ஒரு படியைப் பிறிதொரு நூலகத்திற் சேர்க்க. பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு ஆற்றுப்படுத்தும் வசதி சேவைக்கணினிகளில் உண்டு. ஆற்றுப்படை நூல்களைப் பாடஞ் சொல்லும் துறையினர்க்கு அச்செயல் அயலானதன்று. இவை முடிந்தபின் முகப்பைப் பற்றிச் சிந்திக்கலாம்.