பெயர்களைச் சுமந்து நடந்தவர்

(வானொலியில் ஆற்றிய மறையுரை)



மணப்பாட்டுக் குகையைத் தரிசித்துத் திரும்புகிறவர்கள் புனித சவேரியாரைத் தனி ஆளாகவே மனதில் வைத்துக்கொள்கிறார்கள். கையில் சிலுவை, சுற்றிலும் கடல், துணைக்கு யாரும் இல்லை. நம் ஆலயத்துச் சுரூபங்களும் அவரை அப்படித்தான் நிறுத்தியிருக்கின்றன. ஆனால் அவர் விசுவாசத்தில் தனியாக வளர்ந்தவர் அல்லர். அவரை வளர்த்தவர்கள் அவருடைய நண்பர்கள்.

1529-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் சாந்த் பார்ப் கல்லூரி. ஓர் அறையில் இரண்டு மாணவர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவர் நவார் நாட்டுப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார். மற்றவர் சவோய் மலைப்பகுதியில் சிறுவயதில் ஆடு மேய்த்த பீட்டர் ஃபேபர். இருவரும் 1506-இல் பிறந்தவர்கள். அந்த அறைக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தார், நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த லொயோலா இஞ்ஞாசியார். போரில் காயம்பட்டு, காலை லேசாக இழுத்து நடப்பவர்.

ஃபேபர் இஞ்ஞாசியாருக்குத் தத்துவப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பாவ அச்சத்தால் ஓயாமல் மனம் கலங்கிய ஃபேபருக்கு இஞ்ஞாசியார் செபிக்கவும், கடவுளின் இரக்கத்தை நம்பவும் கற்றுக்கொடுத்தார். இவர்களில் யார் ஆசிரியர், யார் மாணவர்? இருவரும் இரண்டுமாக இருந்தார்கள்.

சவேரியார் அவ்வளவு எளிதில் மசியவில்லை. 1521-இல் பம்ப்லோனாவில் இஞ்ஞாசியார் காயம்பட்ட போரில், சவேரியாரின் அண்ணன்மார் எதிரணியில் நின்றவர்கள். பட்டமும் பதவியும் தேடிய இளைஞருக்கு இந்த ஏழைத் தோழர் கேலிப்பொருளாகவே தெரிந்தார். இஞ்ஞாசியார் அவரைக் கண்டிக்கவில்லை. சவேரியார் வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், பண நெருக்கடியில் உதவினார், பொறுமையாகக் காத்திருந்தார். 1534 ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். அவர்களில் ஒரே குருவான ஃபேபர் திருப்பலி நிறைவேற்றினார். சவேரியாரும் அங்கே முழந்தாளிட்டிருந்தார்.

பிறகு அவர்களைக் கடல் பிரித்தது. சவேரியார் 1542-இல் கோவா வந்து, அங்கிருந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்நாளில் உரோமைக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஆண்டுகள் ஆகும். 1546 மே மாதம், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போன் தீவிலிருந்து அவர் தோழர்களுக்கு எழுதுகிறார்: நீங்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து உங்கள் கைப்பட எழுதிய பெயர்களைக் கத்தரித்து எடுத்தேன், என் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து அவற்றை எப்போதும் என்னுடன் வைத்திருக்கிறேன், அவை எனக்கு ஆறுதல் தருகின்றன என்கிறார். அத்தனை பேரின் ஞானத்தந்தைக்கு, தன் தோழர்களின் கையெழுத்துத் தேவைப்பட்டது!

தான் பெற்றதை அவர் பிறருக்கும் கொடுத்தார். 1544-இல் மணப்பாட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு அடுத்தடுத்துக் கடிதம் எழுதினார். மக்களிடம் சலித்துக்கொள்ள வேண்டாம், நல்ல தந்தை பிள்ளைகளைத் தாங்குவதுபோல் அவர்களைத் தாங்கும், விரும்பியதெல்லாம் செய்ய முடியாவிட்டால் முடிந்ததைச் செய்து மன நிறைவு கொள்ளும் என்று சொன்னார். அதே மான்சிலாஸ் பின்னாளில் இயேசு சபையில் நிலைக்கவில்லை. நாம் ஊக்கமூட்டும் எல்லாரும் நாம் நினைத்த இடத்தில் நிற்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. அதற்காக அந்தக் கடிதங்கள் வீண் என்று சொல்வோமா?

1552 சனவரியில் கொச்சியிலிருந்து சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதினார். உம்மை ஒருபோதும் மறக்க இயலாதவன் என்று நீர் எழுதி முடித்திருந்ததைக் கண்ணீரோடு படித்தேன், கண்ணீரோடே இதை எழுதுகிறேன் என்கிறார். அதே ஆண்டு டிசம்பர் 3-இல், சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் இறந்தார். செய்தி அறியாத இஞ்ஞாசியார் 1553 சூன் 28-இல் அவரைத் திரும்பி வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். படிக்க வேண்டியவர் கல்லறையில் இருந்தார்.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கடிதம் பிந்தியதற்குக் காரணம் கடல். நம் கடிதங்கள் பிந்துவதற்குக் காரணம் என்ன? குருமடத்தில் என்னோடு படித்த ஒரு குருவானவர் மனச்சோர்வில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நாளை பேசலாம், நாளை பேசலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அவருடைய அடக்கத் திருப்பலிக்குத்தான் போனேன். கையில் கைப்பேசியும் இருந்தது, நேரமும் இருந்தது.

ஒருவரையொருவர் அன்பிலும் நற்செயலிலும் தூண்டி எழுப்புங்கள், கூடிவருவதைக் கைவிடாதீர்கள் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 10-ஆம் அதிகாரம் நம்மைக் கேட்கிறது. அறிவுரை சொல்லுங்கள் என்று மட்டும் அது கேட்கவில்லை. கணவர் இறந்தபின் கோயிலுக்கு வராத சகோதரி, தேர்வில் தோற்றுப் பீடச்சிறார் கூட்டத்திலிருந்து ஒதுங்கிய தம்பி, பல ஆண்டுகளாக மறைக்கல்வி நடத்தியும் ஒரு நன்றிச் சொல் கேட்காத ஆசிரியை. இவர்களில் ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்று இரவு அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி, உங்கள் செபப் புத்தகத்தில் வையுங்கள். செபியுங்கள். பிறகு, இந்த வாரம் முடிவதற்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

தூய சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.