பரிசும் புதையலும்

1924இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இதனால் மனம் கசந்த ஸிட்னி கூலிக் என்ற பாதிரியாரின் முயற்சியில், 1927இல் அமெரிக்கக் குழந்தைகளின் பொம்மைகள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல், ஜப்பானுக்குப் போயின. பதிலுக்கு ஜப்பானியப் பள்ளிச் சிறுமிகள் ஆளுக்கு ஒரு சென் காசு போட்டு 58 பொம்மைகள் அனுப்பினார்கள். சுமார் 80 சென்டிமீட்டர் உயரம், சிப்பிப்பொடி பூசிய முகம், பட்டுக் கிமோனோ. குடியேற மனிதருக்கு அனுமதியில்லாத நாட்டில் இவை வந்து இறங்கின.

ஊர் ஊராகக் காட்டியதில் பீடங்கள் மாறி, எது எந்த ஊர்ப் பொம்மை என்பதே குழம்பிற்று. போர் வந்ததும் மியூசியங்கள் பல இவற்றை உள்ளறையில் போட்டன. பிறகு சில தனியார் கைக்குப் போயின. சில இன்னும் அகப்படவில்லை. இறந்தவர் வீட்டுச் சாமான் விற்குமிடங்களில் ஜப்பானியப் பொம்மை தேடுகிறவர்களின் சபலத்துக்கு இதுவும் ஒரு காரணம். கிடைத்தால் புதையல் என்கிறார்கள். சிறுமிகளின் காசில் வந்த பரிசை முதலில் விற்றது யார் என்று கேட்டால், ரசனை இல்லாதவன் என்பார்கள்.