உண்ணிச்செடியும் இரு சகோதரிகளும்

அமெரிக்காவின் வெப்ப நிலங்களுக்கு உரியது உண்ணிச்செடி. நாயுண்ணி என்றும் அதனைக் கூறுவர். மஞ்சளும் செம்மையும் கலந்த பூவின் அழகினாலேயே அது கடல் கடந்து நாடு நாடாகக் கொண்டு செல்லப்பட்டது. இலங்கைக்கு அது வந்தது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வழியாக. இன்று உடவளவை வனப்பூங்காவிலே, யானைக்கு இரையாக வேண்டிய புல்லை நெருக்கித் தள்ளிவிட்டு அது புதர் புதராக நிற்கின்றது. அதன் இலையிலே நஞ்சு உண்டு. ஆடுமாடுகள் மிகுதியாகத் தின்றால் ஈரல் கெடும்.

இத்தகைய அந்நியச் செடிகளைக் களைவதற்கு மாணவரைச் சிரமதானத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. காலையிலே கத்தியும் மண்வெட்டியுமாகப் போய், மாலைக்குள் ஒரு காணியை வெறுந்தரையாக்கி, மலைபோற் குவிந்த களையின் அருகே நின்று படமும் எடுத்துக்கொண்டு திரும்புவர். அடுத்த மாரி கழிந்தபின் அவ்விடத்தை மீண்டும் சென்று பார்ப்பவர் மிகச் சிலரே. பார்த்தால், முன்னிலும் செறிவாகக் களை மண்டியிருக்கக் காண்பர். உழைப்பிலே குறைவில்லை, பின் ஏன் இவ்வாறு நேர்கின்றது? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் வாழ்ந்த இரு சகோதரிகள்.

மூத்தவர் ஐலின் பிராட்லி. இளையவர் ஜோன் பிராட்லி. சிட்னித் துறைமுகத்தின் வடகரையிலுள்ள மொஸ்மன் என்னும் பகுதியிலே அவர்கள் வசித்தனர். அங்கே தறோங்கா மிருகக்காட்சிச்சாலையைச் சூழ்ந்து அஷ்டன் பூங்கா என்னும் இயற்கைக் காடு உண்டு. அந்தப் பாதையிலே நாள்தோறும் உலாவச் செல்வது சகோதரிகளின் வழக்கம். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அப்பகுதியிற் பரவிய உண்ணிச்செடியைப் பணியாட்கள் பெருமளவில் வெட்டித் தள்ளியதையும், வெட்டிய இடமெங்கும் சில மாதங்களிலே மீண்டும் களை எழுந்ததையும் அவர்கள் கண்டனர். பிறர் இதனைப் பணியாட்களின் கவனக்குறைவு என்று எண்ணியிருப்பர். அவர்களோ வெட்டும் முறையிலேயே பிழை உண்டெனத் துணிந்தனர்.

அவர்கள் கண்ட காரணம் எளியது. அந்நியச் செடியின் விதை மண்ணுள்ளே ஏராளமாக உறங்கிக் கிடக்கின்றது. தரையைக் கிளறி, திடீரென வெயிலைப் பாய்ச்சினால் முதலில் விழித்தெழுவது அதுவே. அந்நாட்டுக்குரிய செடியின் விதையும் அதே மண்ணில் உண்டு. ஆயின் அது மெல்ல முளைப்பது. ஒரே நாளில் வெறுமையான நிலத்தை, விரைந்து முளைப்பதே கைப்பற்றும்.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. காடு நன்றாக இருக்கும் பக்கத்திலே தொடங்கி, கெட்டிருக்கும் பக்கத்தை நோக்கி நகர வேண்டும் என்பது முதலாவது. மண்ணை இயன்றவரை கலைக்காது, கலைந்த இடத்தை இலைச்சருகினால் முன்போல் மூடிவிட வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது எல்லாவற்றினும் அரியது. சுதேசச் செடிகள் தாமாக வளர்ந்து வெற்றிடத்தை நிரப்பும் வேகத்துக்கு மேல், மனிதன் தன் வேகத்தைக் கூட்டலாகாது. முதல் விதியைக் கேட்பவர் எவரும் சற்றுத் திகைப்பர். களை அடர்ந்த இடத்தைத் தாக்குவதுதானே வீரம்! ஆயினும் அடர்ந்த இடத்தில் துணைக்கு நிற்பதற்குச் சுதேசச் செடி ஒன்றேனும் இல்லை. விளிம்பிலே அவை நூற்றுக்கணக்கில் காத்து நிற்கின்றன.

நாளொன்றுக்குச் சராசரி முக்கால் மணி நேரம், சிறு கைக்கருவிகளோடு உழைத்து, ஏறக்குறைய 40 ஏக்கர்க் காட்டை அவ்விருவரும் களையிலிருந்து மீட்டனர். தாங்கள் அறிந்ததை 1967இலும் 1971இலும் சிறு வெளியீடுகளாக அச்சிட்டனர். ஐலின் 1976இல் மறைந்தார். 1970ஆம் ஆண்டுகளிலே நியூ சவுத் வேல்ஸ் நஷனல் டிறஸ்ட் இம்முறையை ஏற்றுப் பணிக்குழுக்களைப் பயிற்றத் தொடங்கியது. 1982இல் ஜோனும் மறைந்தார். அவர் எழுதிய பெருநூல் 1988இலேதான் வெளிவந்தது. முற்றாகக் களை மூடிய பரந்த நிலங்களுக்கு இம்முறை மிகவும் மெதுவானது என்று பின்வந்தோர் கூறினர். அது மறுக்க இயலாத குறையே.

மாணவருக்குச் சகோதரிகளின் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலையின் வரிசையைக் கற்பிக்கலாம். இதற்குச் சான்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே, போட்லண்ட் நகரில் உண்டு. அங்கே 1948இல் அமைந்த, 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட வனப்பூங்காவை, குடியேறியோர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஐவிக் கொடி மூடிவந்தது. 1994 முதல் கோடை விடுமுறையிலே இளம் மாணவர் அதனைக் களையத் திரண்டனர். அவர்களுடைய இயக்கத்தின் பெயர் 'நோ ஐவி லீக்'. அந்நாட்டின் புகழ்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களுக்கு 'ஐவி லீக்' என்று பெயருண்டு; அதனைக் கேலி செய்து வைத்த பெயர் இது.

அங்கே முதல் வேலை தரையிலே படர்ந்த கொடியன்று. மரத்திலே ஏறிய கொடி. ஐவி நிலத்திற் படரும்போது பூப்பதில்லை. உயர ஏறிய பின்னரே பூத்துக் காய்க்கும். அக்காயைப் பறவைகள் தின்று, விதையைத் தொலைவிடங்களிலே சேர்க்கும். ஆதலால் மரத்தைச் சுற்றிக் கொடியின் தண்டுகளை எல்லாம் அறுத்து ஒரு வளையம்போல் இடைவெளி விட்டால், மரமும் பிழைக்கும், விதையும் நிற்கும். அறுத்தபின் மேலே தொங்கும் கொடியைப் பிடித்து இழுத்தல் கூடாது. உலர்ந்த கிளைகளும் சேர்ந்து இழுப்பவர் தலையிலே வீழும். அது அங்கேயே காய்ந்து, நெடுநாள் மரத்திலே தொங்கும். அதன் பின்னரே மாணவர் தரைக்கொடியின் பக்கம் திரும்புவர். ஒரிகன் மாநிலத்திலே ஐவிக் கொடியின் விற்பனை 2010இலே தடைசெய்யப்பட்டது. அப்போது முதல் ஆண்டு மாணவர் கொடியறுக்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.