சட்டன் ஹூ புதைமேடும் மறைந்த உடலும்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், டெபன் ஆற்றை நோக்கிய மேட்டு நிலத்தில் பழைய புதைமேடுகள் பல உள்ளன. அவ்விடத்தின் பெயர் சட்டன் ஹூ. நிலத்துக்குரிய எடித் பிரெட்டி அம்மையாரின் விருப்பப்படி, பேசில் பிரௌன் என்னும் உள்ளூர் அகழ்வாளர் 1939ஆம் ஆண்டில் அவற்றுட் பெரியதைத் தோண்டினார். மணலுக்குள் துருவேறிய இரும்பாணிகள் வரிசை வரிசையாகத் தோன்றின. அவற்றை அசைக்காமல் தொடர்ந்து சென்றபோது, ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் வடிவம் வெளிப்பட்டது. பலகைகள் என்றோ மக்கிவிட்டன. ஆணிகள் மட்டும் நின்ற இடத்திலேயே துருவாகி நின்றன. அத்துருவும் வீணன்று. இரும்புப் பொருள்களை ஒட்டிக் கிடந்த துணிகளின் இழைகளுள் அது புகுந்து, நெசவின் அமைப்பை அப்படியே காத்துத் தந்தது.

நடுவே இருந்த அறையில் தலைக்கவசம், வாள், வெள்ளிக் கலங்கள், 37 பொற்காசுகள் கொண்ட பணப்பை ஆகியன இருந்தன. உடல் மட்டும் இல்லை. எலும்பும் இல்லை, பல்லும் இல்லை!

ஆகவே, இஃது உடலில்லா நினைவுச் சின்னமே என்றனர் சிலர். வேறிடத்தில் கிறித்தவ முறைப்படி அடக்கப்பெற்ற மன்னனுக்குப் பழைய சமயத்தார் எடுத்ததாகவும் இருக்கலாம் அன்றோ? 7ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசர் எச்சமயத்தைச் சார்ந்து நின்றனர் என்னும் பெரிய வினா இவ்வொரு குழியையும் பற்றி நின்றது.

விடை மணலில் இருந்தது. எலும்பின் பெரும்பகுதி சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள். சட்டன் ஹூவின் மணலோ புளிப்புத் தன்மையுடையது. மழைநீர் இறங்க இறங்க எலும்பு கரைகிறது. சுண்ணாம்பு நீரோடு போய்விடுகிறது. பாஸ்பேட் அவ்வளவு எளிதிற் போவதில்லை. மண்ணிலுள்ள இரும்போடும் அலுமினியத்தோடும் கூடி, நீரில் எளிதிற் கரையாத புதுச் சேர்மங்களாகி அங்கேயே தங்குகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தார் 1960களில் மீண்டும் அகழ்ந்து மண்ணைச் சோதித்தபோது, புதையலறையிருந்த பகுதியில் பாஸ்பேட் மிகுந்திருக்கக் கண்டனர். உணவாக வைத்த இறைச்சியும் தந்தத்தாலான ஆட்டக்காய்களும் இதனைத் தரக்கூடும் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும், உடல் இருந்து கரைந்தது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. அவர் கிழக்கு ஆங்கிலிய மன்னர் ரெட்வால்டு என்பதோ, காசுகளின் காலத்தையும் புதையலின் செல்வத்தையும் கொண்டு செய்த ஊகம். பாஸ்பேட் பெயர் சொல்லாது.

பின்னர், 1983 முதல் மார்ட்டின் கார்வர் நடத்திய அகழ்வில், மேடுகளின் அருகே வேறு குழிகள் பல வெளிப்பட்டன. அங்கே உடல்கள் கரைந்த இடத்தில் மணல் கருத்து இறுகி, மனித உருவாகவே நின்றது. அவர்கள் பிற்காலத்தில் கொலைத் தண்டனை பெற்றோர் என்பர். சிலர் கைகள் கட்டுண்டவர்போற் கிடந்ததும் அம்மணலில் தெரிந்தது.