இந்தியாவில் மட்டுமே பிறந்த கதவு: பழைய கார்த் தகடுகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஆய்வின் பொருட்டு அண்மையில் பெங்களூரில் ஒரு டிங்கர் பட்டறையில் இரண்டு நாள்கள் அமர்ந்திருந்தேன். நான்கு கதவுகள் கொண்ட பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று அங்கே சீரமைப்புக்கு வந்திருந்தது. என்ஜின் ஓடியது, பிரேக் பிடித்தது. ரப்பர் பட்டைகளையும் சில சிறு உதிரிகளையும் உரிமையாளர் இங்கிலாந்திலிருந்து தருவித்திருந்தார். இடப்பக்கப் பின்கதவு மட்டும் பயன்படும் நிலையில் இல்லை. அதன் கீழ்ப்பாதி துருவேறி உதிர்ந்திருந்தது. மேற்பாதி பட்டிப் பூச்சின் பலத்தில் நின்றது. ஓராண்டு தேடியும் மாற்றுக் கதவு அகப்படவில்லை. பட்டறையின் மூத்த தொழிலாளி, வலப்பக்கக் கதவின்மீது பழுப்புத் தாளை ஒட்டி, அதன் ஓரங்களைப் பென்சிலால் படியெடுத்து, தாளைத் திருப்பிப் போட்டு இடப்பக்கத்துக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "அங்க கேட்டாலும் வராது தம்பி. அங்க இந்தக் கதவே கிடையாது" என்றார்.

அவர் சொன்னது சரியான வரலாற்றுக் கூற்று. அந்தக் கதவு ஏன் அங்கே இல்லை, இங்கே இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்ற இரு கேள்விகளைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இந்தப் பதிவு.

முதலில் தகடு பிறக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். காரின் வெளித்தகடு ஒவ்வொன்றும், மேலும் கீழுமாகப் பொருந்தும் இரும்பு அச்சுகளுக்கிடையே தட்டையான எஃகுத் தகட்டை வைத்துப் பேரழுத்த எந்திரத்தால் அழுத்தி எடுக்கப்படுவது. ஒரு மட்கார்டுக்கு ஓர் அச்சு போதாது. வளைவை எடுக்க ஒன்று, ஓரத்தை வெட்ட ஒன்று, துளையிட ஒன்று, விளிம்பை மடிக்க ஒன்று எனத் தொடராக அச்சுகள் வேண்டும். பெரிய தகடுகளுக்குரியவை டன் கணக்கில் எடை கொண்டவை. செலவு முழுவதும் முன்கூட்டியே செய்யப்படுவதால், ஆயிரக்கணக்கில் தகடுகளை எடுத்தால்தான் கட்டுப்படியாகும். பழுதான புஷ்ஷையோ தண்டையோ கடைசல் பட்டறையில் ஒற்றைப்படியாகச் செய்துகொள்ளலாம். இரு திசைகளிலும் வளையும் கதவுத் தகட்டை அவ்வாறு செய்ய எந்திரம் இல்லை. கைத்திறன் மட்டுமே உண்டு. உற்பத்தி நின்றதும் அச்சு, இடத்தை அடைக்கும் இரும்பாகிவிடுகிறது. அதனை யார் வைத்திருந்தார்கள், எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்பதே ஒரு காரின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஹெரால்டின் கதை இத்தகைய அச்சுகளைச் சுற்றியே தொடங்குகிறது. முழு எஃகு உடலமைப்பை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் வளர்த்தெடுத்தார். அவருடைய நிறுவனமும் மோரிஸும் கூட்டாக 1926இல் இங்கிலாந்தின் கவ்லியில் பிரஸ்டு ஸ்டீல் நிறுவனத்தைத் தொடங்கின. அக்காலத்தில் கார் நிறுவனங்கள் பலவும் உடற்பகுதியைத் தனி நிறுவனங்களிடமிருந்தே வாங்கிவந்தன. 1953இல் இந்த ஏற்பாடு குலைந்தது. அவ்வாண்டு பிரிக்ஸ் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவை ஃபோர்டு வாங்கியது. ஃபிஷர் அண்ட் லட்லோவை பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கைப்பற்றியது. கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்பகுதி அளித்துவந்தது இந்த ஃபிஷர் அண்ட் லட்லோதான். போட்டியாளர் வசம் சென்ற ஆலை, புதிய மாதிரிகளுக்கு இனி உடற்பகுதி தர மறுத்தது.

பிற நிறுவனங்கள் சேஸிஸும் உடலும் ஒன்றாகிய ஒற்றைக்கூட்டு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு மட்டும் தனிச் சேஸிஸுடன் வந்தது. அதன் உடல் பல சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, வெவ்வேறு ஆலைகளில் அழுத்தப்பட்டு, போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. கூரையையும் கழற்றி எடுக்கலாம். பானெட்டும் இரு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த அழகிய வடிவம் என்று இன்று கொண்டாடப்படும் அந்த வண்டியின் மூட்டுகளில், ஓர் ஆலை கைமாறிய வணிக வரலாறு பதிந்திருக்கிறது.

கூறுகளாகப் பிரியும் வண்டி, கப்பலேற்றி வெளிநாட்டில் பூட்டுவதற்கும் ஏற்றது. இந்தியாவில் அப்போது அரசின் கொள்கை வேறு திசையிலிருந்து அழுத்தம் தந்துகொண்டிருந்தது. முழுமையான கார்களின் இறக்குமதி 1949இல் தடுக்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்தித் திட்டமின்றி வெறுமனே பூட்டித் தரும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற நிலைப்பாடு 1953ஆம் ஆண்டுக் கட்டணக் குழுவின் அறிக்கையை அடுத்து உறுதிப்பட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவற்றுள் ஒன்று, 1948இல் சென்னையில் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1961 முதல் அதன் வண்டலூர் ஆலையிலிருந்து ஹெரால்டு வெளிவந்தது. தொடக்கத்தில் அது இரு கதவு வண்டி. பெரிய குடும்பங்கள் ஏறி இறங்கும் நாட்டில் அது இடைஞ்சலாயிற்று. ஆகவே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு உருவாயிற்று. இங்கிலாந்தில் அவ்வடிவம் தயாரிக்கப்படவே இல்லை. உடல் கூறுகளாகப் பிரிந்திருந்ததே இம்மாற்றத்தை எளிதாக்கியது என்பது என் கருத்து. தாய்நாட்டில் ஹெரால்டு 1971இல் நின்றபின்னும், அதன் வழிவந்த கெஸல் இங்கே 1977 வரை ஓடியது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 தோல்வியுற, 1988இல் ஆலை மூடப்பட்டது. பின்கதவு அத்துடன் தாய் தந்தையற்றதாயிற்று.

இதற்கு நேரெதிரானது அம்பாசடரின் கதை. மூன்றாம் வரிசை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தில் 1959இல் முடிந்துவிட்டது. அதே உருவம் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 மே வரை தயாரிக்கப்பட்டது. முகப்புக் கம்பிவலையும் விளக்குகளும் அவ்வப்போது மாறினாலும் அடிப்படை உடல் பெரிதும் மாறவில்லை. ஆகவே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருக்கும் ஆங்கிலேயர், தம் வண்டிக்குத் தகடு வேண்டி இந்தியாவை நோக்க நேர்ந்தது. குடியேற்ற நாடு ஆண்ட நாட்டின் உதிரிக் கிடங்கான இந்நிகழ்வு, தொழில்நுட்பப் பரவல் பற்றிய நம் வழக்கமான வரைபடங்களில் இடம்பெறுவதில்லை.

அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தகடு எளிதில் கிடைத்ததற்கு உற்பத்தி நீடித்தது மட்டும் காரணமன்று. கொல்கத்தாவிலும் மும்பையிலும் அவை டாக்சிகளாக ஓடின. நெரிசலில் உரசும் டாக்சிக்கு மட்கார்டும் கதவும் ஓயாமல் தேவைப்படும். அந்தத் தேவைதான் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் தில்லியின் மாயாபுரியிலும் சென்னையின் புதுப்பேட்டையிலும் பழைய தகடுகளைச் சுவரோரம் நிற்கவைத்தது. செல்வந்தச் சேகரிப்பாளர், பாரம்பரியம் என்று சொல்லி வாங்கும் தகடு, அன்றாடக் கூலிக்கு ஓடிய ஓட்டுநரின் தேவையால் பிழைத்திருந்த தகடு. மும்பையில் பத்மினி டாக்சிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. கொல்கத்தாவில் 15 ஆண்டு வரம்பு மஞ்சள் அம்பாசடர்களை ஆண்டுதோறும் குறைத்துவருகிறது. அம்பாசடர் என்ற வணிகப் பெயர் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு பியூஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது. பெயருக்கு விலை கிடைத்தது. சீரமைப்பவருக்கு வேண்டியதோ பெயரன்று, மட்கார்டு.

வேறு வழி இருந்திருக்குமா? இருந்தது என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. பிரிட்டிஷ் லேலண்டு 1975இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற துணை அமைப்பைத் தோற்றுவித்தது. எம்ஜிபி காரின் உற்பத்தி 1980இல் நின்றது. சிதறிக் கிடந்த அதன் மூல அச்சுகளை இவ்வமைப்பு தேடித் திரட்டி, 1988இல் முழு உடலையும் புதிதாக அழுத்தி விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த எம்ஜிபிக்குப் புத்துடல் வாங்கலாம் என்ற நிலை அதனால் வந்தது. அச்சுகளை ஆவணங்களாகக் கருதிய ஒரு முடிவு, ஆயிரக்கணக்கான வண்டிகளைக் காத்தது. இந்தியாவில் ஆலைகள் மூடப்பட்டபோது கடன், நிலம், தொழிலாளர் நிலுவை பற்றிய பேச்சே மேலோங்கியது. அது இயல்பு; அவசரமும்கூட. ஆயினும் அச்சும் ஆவணமே என்ற எண்ணம் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

இப்போது சட்டமும் இந்தக் கேள்விக்குள் வந்திருக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பேணப்பட்ட, பெரும் மாற்றத்துக்கு உட்படாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதியும் விதி 2021 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே, தகுதியிழந்த பழைய வண்டிகளை முறையான உடைப்பு மையங்களுக்கு அனுப்ப ஊக்குவிக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தென்படுகிறது. 50 ஆண்டு வண்டியின் கதவு, பெரும்பாலும் 30, 40 ஆண்டு வண்டியிலிருந்துதான் கிடைக்கும். காயலான் கடைக்காரர் கதவைக் கதவாக விற்றார். உடைப்பு மையத்தின் முதன்மை நோக்கம் உலோகத்தை மீட்பது. மூல வடிவம் வேண்டும் என்று கேட்கும் காலத்தில், மூலத் தகடுகளின் ஊற்று வற்றிக்கொண்டிருக்கிறது.

மூலம் என்ற சொல்லையே நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரு சுவடியில் ஏடு சிதைந்திருந்தால் பதிப்பாசிரியர் வேறு படியைத் தேடுவார். கிடைக்காதபோது ஊகத்தால் நிரப்பி, நிரப்பியதைக் குறிப்பில் சொல்வார். உதிரி வண்டியிலிருந்து எடுத்த கதவு மற்றொரு படி. டிங்கர் தொழிலாளி தட்டியெடுத்த கதவு, பதிப்பாசிரியர் நிரப்பிய பாடம். பிழை நிரப்புவதில் இல்லை. நிரப்பியதை மறைப்பதில்தான் இருக்கிறது. ஏலங்களிலும் கண்காட்சிகளிலும் இந்தக் கைவேலை மறைக்கப்படுகிறது. செய்தவரின் பெயரும் உடன் மறைகிறது.

இரண்டாம் நாள் மாலை கதவின் கீழ்ப்பாதி உருவாகிவிட்டது. மணல்மூட்டையின்மேல் மரச்சுத்தியால் தட்டி வளைவெடுத்த தகட்டை வலக்கதவின் தாள்வடிவோடு ஒப்பிட்டு, மீண்டும் தட்டி, மீண்டும் ஒப்பிட்டுக் கொண்டுவந்திருந்தார். வெல்டிங் வைத்து மூட்டை அராவியபின் விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பழுப்புத் தாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அடுப்புக்குப் போகும் என்றார். கேட்டு வாங்கிவந்தேன், கதவின் அளவு, வண்டியின் ஆண்டு, வேலை செய்த நாள் ஆகியவற்றை அதன் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தகடு அழுத்தும் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள்; பழைய உதிரிப் பட்டியல் நூல்கள் யாருடைய பரணிலாவது கிடக்கும்; டிங்கர் பட்டறைகளில் இத்தகைய தாள்வடிவங்கள் தொங்கும். அவர்களிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள்; படமெடுங்கள்; அளவெடுங்கள். இங்கே மட்டுமே பிறந்த ஒரு கதவுக்கு இங்கேதான் சான்று இருக்க முடியும்.