சோழர் பெயர் பூண்ட மாடவிடுதிகள்

சென்னை நந்தனத்தினின்று அண்ணா சாலை வழியே வடக்கே சென்றால் கதீட்ரல் சாலையை அடையலாம். தெற்கே சென்றால் சைதாப்பேட்டையைக் கடந்து கிண்டியை அடையலாம். இவ்விரண்டு இடங்களிலும் சோழர் பெயர் பூண்ட மாடவிடுதிகள் தோன்றின. முன்னது, ஐ.டி.சி. நிறுவனத்தார் விடுதித் தொழிலில் முதன்முதல் இறங்கிய 1975-ஆம் ஆண்டிற்குரிய ‘சோழா’ ஆகும். பின்னது, அந்நிறுவனத்தாரே 2012 செப்டம்பர்த் திங்களில் திறந்த ‘கிராண்டு சோழா’ ஆகும். இஃது 600 அறைகளைக் கொண்டது. இப்பெயர் வெறும் அணியோ, கட்டடக் கலை மரபின் தொடர்ச்சியோ என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயர்ந்த மாடம் தமிழர்க்குப் புதியதன்று. நிலை பல கொண்ட மாடங்களைப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் பேசுகின்றன. கதிரவனின் நிழலால் திசை கண்டு, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்த முறையை நெடுநல்வாடை கூறுகின்றது. ஆயினும், அம்மாடங்கள் செங்கல்லாலும் மரத்தாலும் இயன்றமையின் அழிந்தொழிந்தன. இன்று நாம் கண்ணாற் காணத்தக்க சோழர் கால உயரத்தின் சிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோவில் விமானமே. பதின்மூன்று நிலைகளுடன் ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நிற்கும் அதன் உட்பகுதி குடைவாக உள்ளது. கற்கள் படிப்படியாக உள்நோக்கி நீட்டி அடுக்கப்பட்டு, தம் எடையாலேயே ஒன்றையொன்று பிணித்து நிற்கின்றன. அடியிலுள்ள இரட்டைச் சுவர் அப்பெருஞ்சுமையைத் தாங்குகின்றது. உயரமும் அழகும் ஈண்டு ஒரே செயலின் இரு பயன்களாம்.

இக்கால மாடவிடுதியின் அமைப்பு வேறு. இரும்புக் கம்பி பொதிந்த காங்கிரீட்டுச் சட்டகமே அதன் சுமையைத் தாங்குவது. செதுக்கிய கல் பெரும்பாலும் அச்சட்டகத்தைப் போர்த்தும் ஆடை. கிண்டி விடுதியின் முன்கூடத்தில் கோவில் தூண்களை நினைவூட்டும் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஆனால், அங்குள்ள பெருமண்டபத்திற்கு ‘இராசேந்திரா’ என்று பெயர். அது தூணற்ற மண்டபம்! கல் உத்தரம் அமுக்கத்தைத் தாங்குமேயன்றி வளைவைத் தாங்காது. நீண்ட இடைவெளியைக் கடக்க முயன்றால் அடிப்புறம் வெடித்து முறியும். அதனாலேயே சோழர்தம் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நின்றன. இராசேந்திரன் காலத்துத் தச்சர்க்குக் கைகூடாத ஒன்றே இன்று அவன் பெயரைப் பெற்றுள்ளது. இதனைக் குறையாகக் கூறுதல் வேண்டா. மரபு எங்கு முடிகின்றது, புதுமை எங்குத் தொடங்குகின்றது என்பதை இம்மண்டபம் தெளிவாகக் காட்டுகின்றது என்க.

அவ்வாறாயின், சோழரிடமிருந்து கொள்ளத்தக்கது தூணின் வடிவம் மட்டுந்தானோ? அன்று. தஞ்சைக் கோவிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் என்பதை நாம் அறிவோம். கோவில் கல்வெட்டே அதனைக் கூறுகின்றது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும், அவர்கள் இருந்த வீடுகளின் வரிசையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் தான் கொடுத்தவற்றோடு ஒருங்கே கல்லில் வெட்டச் செய்தான் இராசராசன். ஆகவே, அக்கட்டடமே தன் வரலாற்றுக்கு ஆவணமாயிற்று.

மாடவிடுதிகளின் வாழ்நாளோ குறுகியது. நந்தனத்தின் கிழக்கே, டி.டி.கே. சாலையில் நின்ற அடையாறு கேட் விடுதி, பின்னர்ப் பார்க் ஷெரட்டன் என்றும் கிரவுன் பிளாசா என்றும் பெயர் மாறி, 2023 டிசம்பர்த் திங்களில் மூடப்பட்டது. தென்னக உணவு வகைகளை ஒரு கூரையின்கீழ்ப் பரிமாறிய ‘தட்சிண்’ அங்குதான் புகழ் பெற்றது. அங்கு உண்டவர் பலர். அதனைக் கட்டிய கொத்தரையும் சமைத்த கைகளையும் அறிந்தவர் எத்துணையர்?

தூணின் வடிவைக் கடன் கொள்வது எளிது. பெயரைக் கடன் கொள்வது அதனினும் எளிது. உழைத்தோர் பெயரைக் கல்லில் நிறுத்தும் வழக்கமே சோழர் விட்டுச் சென்ற அரிய செல்வம். கல்வெட்டுப் பயிலும் முதுகலை மாணவர், பழைய சுவர்களோடு அமையாது, நம் காலத்து மாடங்களை எழுப்பிய கல்தச்சர், கொத்தர் ஆகியோரின் பெயர்களையும், அவர்தம் வாயில் வழங்கும் தொழிற்சொற்களையும் தொகுத்தல் வேண்டும். மாடம் இடிந்தபின் அச்சொற்களைத் தேடுதல் அரிது.